அடைபட்ட காலும் குருதியின் குறியும்

பாசிர் ரிஸ் ஒரு காலத்தில் மீனவர் கம்பங்கள் இருந்த கடற்கரை. 1980களில் அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அன்று நடுவயதில் குடியேறியோர் இன்று முதுமை எய்திவிட்டனர். முதுமையுடன் நீரிழிவும் சேருமாயின் பெரிதும் இடருறும் உறுப்புகளுள் ஒன்று கால். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, சிங்கப்பூர்ச் சீனருள் நூற்றுக்கு 9.7 பேருக்கு இருந்த நீரிழிவு, இந்தியருள் 17.2 பேருக்கு இருந்தது. ஆகவே, காலை வெட்டாது காக்க முயன்றோரின் வரலாறு தமிழர் இல்லங்களுக்குப் புறம்பானதன்று.

குருதிக்குழாய்களைத் தைத்து இணைக்கும் முறையைச் செம்மைப்படுத்திய அலெக்சிஸ் காரெல் 1912இல் நோபெல் பரிசு பெற்றார். ஆயினும் அடைபட்ட கால் தமனிக்கு வழி பிறந்தது 1948இல்தான். பாரிஸ் நகரில் ழான் குன்லின் என்பார் நோயுற்ற தமனியை அகற்றவில்லை. அதனை அப்படியே விட்டு, நோயாளியின் காலிலிருந்தே எடுத்த சிரையை அடைப்பின் மேலும் கீழும் பக்கவாட்டில் பொருத்தினார். இடிந்த பாலத்தைச் சுற்றி மாற்றுப்பாதை போடுவது போன்றதே இது. சிரையினுள் ஒருவழிக் கதவங்கள் உண்டு. எனவே அவர் அதனைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினார்.

(தமனி என்ற வடசொல்லுக்கு ஊதுதல் என்பது வேர்ப்பொருள். கிரேக்கரும் தமனியில் காற்றே ஓடுவதாகக் கருதினர். இரு மொழியினரும் ஒருபடியே எண்ணியது வியப்பே!)

மாற்றுக்குழாயும் நிலைத்து நிற்பதன்று. முதல் மாதத்தில் தையற் பிழையாலோ குருதி உறைவாலோ அது அடைபடலாம். அதன்பின் ஏறத்தாழ ஈராண்டு வரை உட்சுவர் தடித்து வழி குறுகும். அதற்கும் பிற்பட்ட காலத்தில் பழைய கொழுப்புப் படிவு நோயே மீண்டும் தலைகாட்டும். உட்சுவர் தடிப்பைத் தடுக்கச் சிரையை ஒரு மருந்தில் நனைத்துப் பொருத்திய பெரிய ஆய்வொன்று வட அமெரிக்காவில் 1,404 பேரிடம் நடந்தது. 2006இல் வெளியான அதன் முடிவு ஏமாற்றமே தந்தது.

யாருடைய குழாய் கெடும் என்பதை முன்னறிய இயலுமா? இங்கேதான் குருதியின் குறிகள் வருகின்றன. 1930இல் நியூயார்க்கின் ராக்கபெல்லர் நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளரின் குருதியில் ஒரு புரதத்தைக் கண்டனர். அதுவே சி-எதிர்வினைப் புரதம். உடலில் எங்கு அழற்சி மூண்டாலும் இது பெருகும். 2007இல் பாஸ்டன் மருத்துவர் ஓவன்ஸ் குழுவினர், சிரை மாற்றுக்குழாய் பொருத்தப்பட்டோருள் அறுவைக்கு முன்பே இப்புரதம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்குப் பின்னாளில் பெருங்கேடுகள் மிகுதியாக நேர்ந்ததைக் கண்டனர். குழாய் அடைப்பு, கால் இழப்பு, மாரடைப்பு, இறப்பு ஆகியன அக்கேடுகளுள் அடங்கும்.

ஆயினும் இப்புரதம் நெருப்பா, நெருப்பின் புகையா என்பது வேறு வினா. நீரிழிவாளரின் காலில் சீழ்ப்புண் இருந்தால், அப்புண்ணே புரதத்தை உயர்த்திவிடும். அந்நிலையில் குருதிச் சோதனையின் எண்ணை மட்டும் கொண்டு குழாயின் ஆயுளைக் கணிப்பது பொருந்தாது. அதனால்தான் அறுவைக்குப் பின் மருத்துவர் நாடி பார்ப்பதையும், ஒலியலைக் கருவியால் குழாயினுள் குருதி ஓடும் வேகத்தை அளப்பதையும் விட்டுவிடவில்லை. வழி குறுகிய இடத்தில் அவ்வேகம் மிகும். முற்றும் அடைபடுமுன் அவ்விடத்தை விரிக்கவோ மீண்டும் தைக்கவோ காலம் கிடைக்கிறது.