அயல்நாட்டு உறவினரும் பாதுகாப்பு ஒப்புதலும் (புதுச்சேரி)

இரகசிய ஆவணங்களைக் கையாளும் அரசுப் பொறுப்பில் ஒருவரை அமர்த்துமுன், அவருடைய பின்புலத்தை ஆராய்ந்து அரசு தரும் இசைவு பாதுகாப்பு ஒப்புதல் எனப்படும். நெருங்கிய உறவினர் வேற்று நாட்டுக் குடிமக்களாயின், அவர்கள் வழியாக அந்நாடு நெருக்குதல் தரக்கூடும் என்பதால் அவ்வுறவும் ஆராயப்படுகிறது. கருவடிக்குப்பம் உள்ளிட்ட புதுச்சேரிப் பகுதிகளில் இத்தகைய உறவு புலம்பெயர்வால் மட்டுமன்றி, இந்தியா, பிரான்ஸ் ஆகிய இரு நாட்டு உடன்படிக்கையாலும் விளைந்தது.

வரலாறு

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது வெளியான 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை, இந்து, முஸ்லிம் தனிச்சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க உள்ளூர் மக்களுக்கு வழிவகுத்தது. அவ்வாறு துறந்தோர் புதிய குடும்பப் பெயர் சூடினர். இவ்வியக்கத்தின் முன்னோடியான பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லபோர்த்’ என்று பெயர் கொண்டார். துறந்தோருள் பலர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்தோசீனாவில் அரசு அலுவலராகவும் படைவீரராகவும் பணியாற்றினர். பிரெஞ்சுப் படையில் ஓய்வு பெற்றவரைப் புதுச்சேரி மக்கள் ‘சொல்தா’ என்றழைப்பர்.

எல்லைக்கு அப்பாலுள்ள தொடர்பை ஐயத்துடன் நோக்கும் வழக்கமும் இங்குப் பழையது. 1908-இல் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்த கவிஞர் பாரதியாரைப் பிரிட்டிஷ் ஒற்றர்கள் தொடர்ந்து வேவு பார்த்தனர்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. 1956 மே 28-இல் இரு நாடுகளுக்கிடையே கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இங்குப் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியராயினர். ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டனர். தந்தையின் தெரிவு, 18 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும் பொருந்தியது. வயது வந்தோர் தாமே தெரிவு செய்ததால், உடன்பிறந்தோர் இரு நாட்டவராகப் பிரிய நேர்ந்தது. ஏறத்தாழ 5,000 பேர் பிரான்சைத் தெரிந்தெடுத்தனர்.

விதிகள்

மத்திய அரசுப் பணிக்குத் தேர்வானோர் நிரப்பும் சரிபார்ப்புப் படிவம் (அட்டெஸ்டேஷன் படிவம்) பெற்றோர், வாழ்க்கைத் துணை ஆகியோரின் நாட்டுரிமையையும், வெளிநாட்டில் படிக்கும் அல்லது வாழும் பிள்ளைகளின் விவரத்தையும் கேட்கிறது. 1964-ஆம் ஆண்டு மத்திய குடிமைப்பணி நடத்தை விதிகளில் 21-ஆவது விதி, வேற்று நாட்டவரை மணந்த ஊழியர் அதை உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வெளியுறவுப் பணியில் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. அப்பணியில் இருந்த கே. ஆர். நாராயணன் 1951-இல் பர்மியப் பெண்ணை மணக்கப் பிரதமர் நேருவின் தனி அனுமதி தேவைப்பட்டது. பின்னாளில் அவர் குடியரசுத் தலைவரானார். ஆகவே அயல்நாட்டு உறவு தன்னளவில் தடையன்று. அதை மறைப்பதே கேடு. குற்ற வழக்குகளை மறைத்தோர் குறித்து 2016-இல் அவதார் சிங் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், சரிபார்ப்புப் படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என வலியுறுத்தியது.

பிற நாடுகள்

அமெரிக்காவில் பாதுகாப்பு ஒப்புதலுக்கென 2017 முதல் நடப்பிலுள்ள 13 வழிகாட்டு நெறிகளுள் இரண்டாவது அயல்நாட்டுச் செல்வாக்கைப் பற்றியது. உறவினர் வாழும் நாடு, உறவின் நெருக்கம், அந்நாட்டில் உள்ள சொத்து ஆகியவை அங்கு எடைபோடப்படுகின்றன.

இன்றைய நிலை

புதுச்சேரியில் அரசுப் பணிக்குத் தேர்வானோரின் பின்புலம் குறித்த காவல்துறைச் சரிபார்ப்பு தொடர்கிறது. வேற்று நாட்டுக் குடியுரிமையுடன் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (OCI) அட்டை பெற்றோருக்கோ, பொது வேலைவாய்ப்பில் சமவாய்ப்பு உரிமை இல்லை.