லீட்ஸ் நகரத்து மாலை வகுப்பு

உழைப்பவன் முன்னேற அவனுடைய மனவுறுதி ஒன்றே போதும் என்ற நம்பிக்கையை உலகெங்கும் கொண்டுபோன நூல், சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-இல் வெளியிட்ட 'செல்ஃப் ஹெல்ப்'. முதல் ஆண்டிலேயே 20,000 படிகள் விற்றன. 1871-இல் நகமுரா மசனாவோவின் மொழிபெயர்ப்பு வழியாக ஜப்பானிலும் பரவியது. ஆனால் அந்த நூல் பிறந்த வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. அதை ஸ்மைல்ஸே முன்னுரையில் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் வடக்கே, ஆலைகள் நிறைந்த லீட்ஸ் நகரத்தில் மிக எளிய நிலையிலிருந்த இரண்டு மூன்று இளைஞர்கள், குளிர்கால மாலைகளில் கூடி, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் ஒரு குடிசையின் அறை, கோடையில் திறந்தவெளித் தோட்டம். ஆள் பெருகியதும் வாடகைக்குப் பிடித்தது, ஒரு காலத்தில் தற்காலிகக் காலரா மருத்துவமனையாக இருந்த அழுக்கேறிய கூடம். நோய்க்கு அஞ்சி வேறு யாரும் அந்த இடத்தை எடுக்கவில்லை. எழுத்து, கணக்கு, புவியியல், வேதியியல் என்று கொஞ்சம் தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்பித்தார். ஏறத்தாழ நூறு பேர் சேர்ந்த பிறகுதான் ஸ்மைல்ஸைப் பேச அழைத்தார்கள். அந்தப் பேச்சுகளே பிறகு நூலாயின. ஆகவே ஊக்கம் முதலில் ஒரு கூட்டத்தில் பிறந்தது; தனிமனிதனின் வெற்றியாக அது எழுதப்பட்டது பிறகுதான் என்பது என் வாதம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒரே வகுப்பில் பலர் அமர்ந்தாலும் ஒருவர்தானே உயர்கிறார். அப்படியானால் வேறுபாடு அவருடைய முயற்சியில்தானே இருக்கிறது? ஸ்மைல்ஸ் போற்றிய ரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சனையே எடுத்துக்கொள்வோம். சுரங்கத்து எந்திரங்களோடு வளர்ந்த அவர் பதினெட்டு வயது வரை எழுதப் படிக்க அறியாதவர். அவருடைய விடாமுயற்சியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த முயற்சிக்குப் பற்றுக்கோடாக ஓர் இரவுப் பள்ளி இருந்தது. வாரத்தில் மூன்று இரவு, சிறு கட்டணத்துக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர் இருந்தார். பள்ளி மட்டும் ஸ்டீவன்சனை உருவாக்கிவிடவில்லை என்பது சரி. பள்ளியில்லாமல் அவருடைய ஆர்வம் எங்கே போயிருக்கும் என்ற கேள்வியைத்தான் வெற்றிக் கதைகள் கேட்பதில்லை. அதோடு, உயர்ந்த ஒருவரை மட்டும் எண்ணினால், ஆலையிலேயே இருந்துகொண்டு கணக்கும் எழுத்தும் கற்றவர்கள் கணக்கில் வராமல் போகிறார்கள். அவர்கள் பெற்றதும் வளர்ச்சிதான்.

நூல் தன்னலத்தைப் புகழ்வதாகப் பலர் எடுத்துக்கொண்டதை ஸ்மைல்ஸும் கண்டார். 1866-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், தலைப்பு அப்படித் தவறாக எண்ண வைத்துவிட்டதென வருந்தி, அயலாருக்கு உதவுவதும் தன்னை உயர்த்திக்கொள்வதில் அடங்கும் என்று விளக்கினார். விளக்கத்தைவிடத் தலைப்பே நிலைத்தது. இன்னொன்றையும் அந்த வாசகர்கள் கவனிக்கவில்லை: மாலையில் படிக்க மாலை என்று ஒன்று மிஞ்ச வேண்டும். நெசவாலைகளில் பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்ட இளையோருக்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் என்ற வரம்பை 1847-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஒரு தொழிலாளி எவ்வளவு மனவுறுதியோடு இருந்தாலும் தனியாக நின்று அந்த நேரத்தை முதலாளியிடமிருந்து பெற்றிருக்க முடியாது. ஆண்டுக்கணக்காகக் கூட்டம் கூட்டி, மனு எழுதி, தொழிலாளர்கள் சேர்ந்தே அதைப் பெற்றார்கள்.