உள்ளேன் ஐயா! - கல்லூரிகள் செக்-இன் செய்த கதை

நம்ம பதிவுலகத்துல ஒரு பழைய வழக்கம் உண்டு. பதிவைப் படிச்சு விரிவா எழுத நேரமில்லைன்னா, பின்னூட்டத்துல "உள்ளேன் ஐயா"ன்னு ஒரு வரி போட்டுட்டு ஓடிடுவோம். வந்துட்டேன், பார்த்துட்டேன், அவ்வளவுதான் அர்த்தம் :-) இதே "உள்ளேன் ஐயா"வை செல்போனில் சொல்லவைத்து, விளையாட்டாக்கி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரைக்கும் கொண்டுபோன கதை ஒன்று இருக்கு. இன்றைக்கு அதைத்தான் எழுதப்போகிறேன்.

கதை ஆரம்பிப்பதே ஒரு கல்லூரியில்தான். நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்களான டென்னிஸ் கிரவ்லி, அலெக்ஸ் ரெய்னர்ட் இருவரும் சேர்ந்து டாட்ஜ்பால் என்றொரு சேவையை உருவாக்கினார்கள். ஸ்மார்ட்போன் எல்லாம் வராத காலம். நான் இன்ன இடத்துல இருக்கேன்னு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால், உங்க நண்பர்களுக்குத் தகவல் போய்விடும். 2005-ல் இதை கூகுள் வாங்கியது. வாங்கினதோடு சரி, பெரிசா கண்டுக்கவில்லை. வெறுத்துப்போய் 2007-ல் இருவரும் வெளியேறினார்கள். 2009-ல் டாட்ஜ்பாலுக்கு மூடுவிழா.

கிரவ்லி விடவில்லை. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் படித்த நவீன் செல்வதுரையுடன் சேர்ந்து ஃபோர்ஸ்கொயரை ஆரம்பித்தார். (பெயரைப் பார்த்ததும் நமக்கு ஒரு சின்ன சந்தோஷம் வரத்தானே செய்யுது!) 2009 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் அறிமுகம். போன இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் செக்-இன். அதற்குப் புள்ளிகள், பேட்ஜ்கள். கடைசி 60 நாளில் ஒரு இடத்துக்கு யார் அதிக நாள் வந்தாரோ அவர்தான் அந்த இடத்துக்கு மேயர். கேன்டீனுக்கு ஒரு மேயர், நூலகத்துக்கு ஒரு மேயர். காலேஜ் பசங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல?

கல்லூரிகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. 2010 ஜனவரியில் ஹார்வர்ட் முதல் ஆளாக ஃபோர்ஸ்கொயருடன் கைகோத்தது. மாணவர்கள் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கட்டும், இந்த இடத்துல இது நல்லா இருக்கும்னு மற்றவர்களுக்குக் குறிப்பு எழுதி வைக்கட்டும் என்பது திட்டம். தனி பேட்ஜும் உண்டு. அந்த ஆண்டே மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து ஒரு திட்டத்தை ஃபோர்ஸ்கொயர் அறிவித்தது. இன்னொரு பக்கம், பிரின்ஸ்டனில் படிப்பைப் பாதியில் விட்ட சேத் பிரிபாட்ச் ஆரம்பித்த ஸ்கேவஞ்சர். இது புதையல் வேட்டை ரகம். குறிப்பிட்ட இடத்துக்குப் போ, அங்கே ஒரு சவாலை முடி, புள்ளி வாங்கு. பல கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்கு வளாகத்தைக் காட்ட இதைப் பயன்படுத்தின.

ஆனால் ஆரவாரம் இருந்த அளவுக்கு ஆள் இல்லை. 2010 நவம்பரில் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்குப்படி, இணையத்தைப் பயன்படுத்தும் அமெரிக்கப் பெரியவர்களில் 4 சதவீதம் பேர்தான் இந்த மாதிரி சேவைகளைத் தொட்டிருந்தார்கள். 18 முதல் 29 வயதுக்காரர்களிலேயே 8 சதவீதம்தான்.

ஏன்? என் கணிப்பு இது. புதுசா வந்த மாணவனுக்கு நூலகம் எங்கே, நல்ல காபி எங்கேன்னு தெரிஞ்சாகணும். அதனால் புதையல் வேட்டை அவனுக்கு உபயோகப்பட்டது. இரண்டாவது மாதம் எல்லா இடமும் அத்துப்படி. அப்புறம் எதுக்கு தினமும் பொத்தானை அழுத்தணும்? மேயர் பதவிக்குச் சம்பளமா தர்றாங்க?

பயமும் சேர்ந்துகொண்டது. 2010 பிப்ரவரியில் "பிளீஸ் ராப் மீ" என்ற தளம், செக்-இன் செய்தவர்களின் வீடு இப்போ காலி என்று பட்டியல் போட்டுக் காட்டியது. 2012-ல் "கேர்ள்ஸ் அரவுண்ட் மீ" என்ற செயலி, பக்கத்தில் செக்-இன் செய்த பெண்களை அவர்களுக்கே தெரியாமல் வரைபடத்தில் காட்டியது. ஃபோர்ஸ்கொயர் உடனே தரவு கொடுப்பதை நிறுத்தியது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பெண்ணின் இடத்திலிருந்து யோசிச்சுப் பாருங்க, இந்த விளையாட்டின் விலை புரியும்.

போட்டியாளர் கோவாலா 2011 டிசம்பரில் ஃபேஸ்புக் கைக்குப் போய் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. ஸ்கேவஞ்சர் கம்பெனி செல்போன் வழிப் பணம் செலுத்தும் தொழிலுக்கு மாறியது. ஃபோர்ஸ்கொயர் 2014-ல் செக்-இன்னை ஸ்வார்ம் என்ற தனிச் செயலிக்குத் தள்ளிவிட்டு, இடத் தரவு விற்கும் தொழிலில் இறங்கியது.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். ஹார்வர்ட் பேட்ஜ் கொடுத்த அதே 2010-ல், வடக்கு அரிசோனா பல்கலைக்கழகம் பெரிய வகுப்பறைகளில் அடையாள அட்டையைப் படிக்கும் சென்சார்களை வைக்க முடிவெடுத்தது. செலவு 85,000 டாலர், மத்திய அரசின் ஊக்க நிதியிலிருந்து. 2019 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் இன்னொன்றை எழுதியது. சிரக்யூஸ் பல்கலைக்கழக வகுப்பறையில் புளூடூத் கருவிகள். மாணவன் உள்ளே நுழைந்ததும் அவன் போனில் உள்ள ஸ்பாட்டர்எடு செயலி வருகையைப் பதிந்துவிடும். வந்ததற்குப் புள்ளியும் உண்டு! கிட்டத்தட்ட 40 கல்லூரிகளில் இந்தச் செயலி இருந்ததாம்.

புள்ளி அதே புள்ளிதான். ஆனா முதல் கதையில் மாணவன் விரும்பினால் அழுத்துவான், வேண்டாம்னா போனைப் பையில் போட்டுவிடுவான். இரண்டாவதில் அழுத்த பொத்தானே இல்லை. வகுப்புக்கு வராதவர்களைச் சீக்கிரம் கண்டுபிடித்து உதவலாம் என்கிறார்கள். நியாயம்தான், மறுக்கவில்லை. அந்த உதவிக்கு ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "ஏம்ப்பா நேத்து வரல?"ன்னு கேட்பது இன்னும் நல்ல வழின்னு எனக்குப் படுது. கேட்டால் பதில் சொல்லலாம், காய்ச்சல்னு பொய்யும் சொல்லலாம். சென்சார் காரணம் கேட்காது.

நம்ம ஊர் வகுப்புகளில் பிராக்ஸி கொடுத்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீங்க. உங்க பிள்ளைகளின் கல்லூரியில் இப்படி ஒரு செயலியைப் போடச் சொன்னா, என்ன கேள்வி கேட்பீங்க? பின்னூட்டத்தில் எழுதுங்க. வெறும் "உள்ளேன் ஐயா" மட்டும் போட்டாலும் சரி, நீங்களா விரும்பிப் போட்டதுதானே :-)