உள்ளாட்சி முதல் குடியரசுத் தலைமை வரை: திரௌபதி முர்முவின் அரசியல் பாதையும் செங்கல்பட்டு இருளர் பெண்களும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியக் குடியரசுத் தலைவர் பதவியை அடைந்த முதல் பழங்குடியினர் திரௌபதி முர்மு. அவர் கடந்து வந்த பாதையைத் தனிமனித உழைப்பின் வரலாறாக மட்டுமன்றி, அரசமைப்பு அமைத்துத் தந்த படிகளின் வரலாறாகவும் இக்கட்டுரை நோக்குகிறது. அதே படிகள் செங்கல்பட்டு மாவட்ட இருளர் பெண்களுக்கு எதுவரை செல்கின்றன என ஒப்பிட்டு, பழங்குடியினரின் அரசியல் உயர்வு அவர்கள் செறிந்து வாழ்கின்றனரா, சிதறி வாழ்கின்றனரா என்பதைப் பெரிதும் சார்ந்துள்ளது என்னும் முடிவை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பழங்குடிப் பெண்கள், உள்ளாட்சி, தனித்தொகுதி, சந்தால், இருளர், படாளம்.

முன்னுரை

2022 ஜூலை 25 அன்று முர்மு குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். ஒரு சிற்றூர்ப் பெண் நாட்டின் உயர்ந்த பதவியை எய்தினார் என்றே இந்நிகழ்வு பெரிதும் பேசப்பட்டது. அது உண்மையே. எனினும் வரலாற்று ஆய்வு கேட்க வேண்டிய வினா வேறு: அவ்வுயர்வுக்கு எந்தெந்த நிறுவனங்கள் வழிவிட்டன? அவ்வழி எல்லாப் பழங்குடிப் பெண்களுக்கும் திறந்துள்ளதா? இவ்வினாவுக்கு விடைகாணப் பாலாற்றுக்குத் தெற்கே படாளம் அமைந்துள்ள மதுராந்தகம் வட்டாரமும், அதற்குக் கிழக்கே மாமல்லபுரக் கடற்கரையும் ஒப்பீட்டுக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

மயூர்பஞ்சில் அமைந்த படிகள்

முர்மு 1958-இல் ஒடிசாவின் மயூர்பஞ்சு மாவட்டத்திலுள்ள உபர்பேடா என்னும் ஊரில் சந்தால் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தையும் பாட்டனாரும் ஊர்த் தலைவர்களாக இருந்தவர்கள். எனவே ஊர்த் தலைமை அக்குடும்பத்திற்குப் புதிதன்று. ஆனால் அது ஆண்களின் கையில் இருந்தது. தம் ஊரிலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதல் பெண் தாமே என முர்மு தம் பதவியேற்பு உரையில் குறிப்பிட்டார். புவனேசுவரத்தில் பட்டம் பெற்றபின் மாநில அரசின் நீர்ப்பாசன, மின்துறையில் இளநிலை உதவியாளராகவும், பின்னர் ராய்ரங்பூரில் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

1997-இல் ராய்ரங்பூர் நகர் பஞ்சாயத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசமைப்புத் திருத்தங்களின் வழியே, உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்னும் கொள்கையை நாடு ஏற்றிருந்த காலம் அது. 2000-இல் ராய்ரங்பூர் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்று, தனிப்பொறுப்புடன் கூடிய இணை அமைச்சரானார். 2004-இல் மீண்டும் வென்றார். 2009-இல் மயூர்பஞ்சு மக்களவைத் தொகுதியில் தோல்வியுற்றார். மக்களவை உறுப்பினராக அவர் ஒருபோதும் இருந்ததில்லை. 2015-இல் சார்க்கண்டு ஆளுநர் பதவி நியமனத்தால் வந்தது.

இப்பாதையில் ஒன்று கருதத்தக்கது. ராய்ரங்பூர் சட்டமன்றத் தொகுதியும் மயூர்பஞ்சு மக்களவைத் தொகுதியும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை. 2011 கணக்கெடுப்பின்படி அம்மாவட்ட மக்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் பழங்குடியினர். மாவட்டம் முழுவதும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைக்குள் அடங்கும். ஆதலால் ஒரு படியில் கால் வைத்தவருக்கு அடுத்த படி அதே மண்ணில் காத்திருந்தது. கட்சியின் தேர்வும் அரசியல் சூழலும் அவர் உயர்வில் பங்கு வகித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தேர்வு செய்யப்படும் இடத்திற்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியவை இப்படிகளே.

அவ்விடத்தில் ஒருவர் இருப்பதன் பயன் என்ன? சோட்டா நாகபுரி, சந்தால் பர்கானா குத்தகைச் சட்டங்கள் பழங்குடியினர் நிலத்தைக் காப்பவை. அவற்றைத் திருத்தச் சார்க்கண்டு சட்டமன்றம் நிறைவேற்றிய முன்வரைவுகளுக்கு முர்மு ஒப்புதல் தராது 2017-இல் திருப்பியனுப்பினார். அவரை முன்னிறுத்திய கட்சியே அப்போது அம்மாநிலத்தை ஆண்டது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

செங்கல்பட்டில் அறுபடும் படிகள்

தமிழ்நாட்டில் பழங்குடியினர் மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு; 2011-இல் எட்டு இலட்சத்திற்குச் சற்றுக் குறைவு. ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இங்கில்லை. இருளர் நலிவுற்ற பழங்குடிகளுள் ஒன்றாக நடுவண் அரசால் வகைப்படுத்தப்பட்டவர்கள். பாம்பு பிடித்தல், எலி பிடித்தல், ஏரியிலும் கழிமுகத்திலும் மீன் பிடித்தல் எனப் பிழைத்தவர்கள், காட்டுயிர்ச் சட்டங்களுக்குப்பின் அரிசி ஆலை, செங்கற்சூளை, மரம்வெட்டு ஆகிய வேலைகளுக்குச் சென்றனர், பலர் கொத்தடிமைகளாயினர். 1978-இல் உருவான இருளர் பாம்புபிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. அவர்தம் குடியிருப்புகள் ஏரிக்கரையிலும் ஊர்ப்புறத்திலும் சில வீடுகளாகச் சிதறிக் கிடப்பவை.

இச்சிதறல்தான் அரசியல் படிகளை அறுக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் (1994) பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடம் ஒதுக்குகிறது. ஒரு விழுக்காட்டினர் வாழும் பகுதியில் நூறு தலைவர் பதவிகளுள் ஒன்றே அவ்வாறு அமையும். அதுவும் சுழற்சியில் வேறூருக்குப் போய்விடும். அவ்விடத்தில் போட்டியிட வேண்டிய சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியரிடம் பெறுவதே பல குடும்பங்களுக்கு நெடும்போராட்டம்.

அடுத்த படியில் நிலைமை இன்னும் கடினம். பழங்குடித் தொகுதிகள் அம்மக்கள் மிகுந்த விகிதத்தில் வாழும் இடங்களிலேயே அமைய வேண்டும் என்பது தொகுதி மறுவரையறைச் சட்டத்தின் நெறி. அதன்படி 234 சட்டமன்றத் தொகுதிகளுள் ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டே பழங்குடியினருக்கு உரியன, இரண்டும் மலைப்பகுதிகள். மக்களவைத் தொகுதி ஒன்றுமில்லை. படாளம் சார்ந்த மதுராந்தகம் சட்டமன்றத் தொகுதியும் காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. அவ்வொதுக்கீடு முற்றிலும் நியாயமானது. ஆனால் அங்கு வாழும் இருளர் பெண், தாம் வாக்களிக்கும் தொகுதியில் வேட்பாளராக நிற்கச் சட்டம் இடந்தருவதில்லை. வேறிடத்துப் பொதுத்தொகுதியை நாட வேண்டும்.

மாசிமகத்தில் வடமாவட்ட இருளர் குடும்பங்கள் மாமல்லபுரக் கடற்கரையில் திரண்டு கன்னியம்மனை வழிபட்டு, திருமணங்களையும் அங்கேயே உறுதி செய்கின்றன. சிதறிய மக்கள் தம்மை ஒரே சமூகமாக உணரும் நாள் அது. நிலப்பரப்பை மட்டும் அளவாகக் கொண்ட தேர்தல் முறையின் கணக்கில் அவ்வொருமை வருவதில்லை.

மாற்றுவழிக்கு முன்னுதாரணங்கள்

நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு அளிக்கும் 106ஆம் திருத்தத்திற்கு 2023 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தவர் முர்முவே. அத்திருத்தம் தனித்தொகுதிகளுக்குள்ளும் மகளிர்க்கு இடம் ஒதுக்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் செல்லப் பழங்குடித் தொகுதியே இல்லாதபோது, இல்லாததில் மூன்றில் ஒரு பங்கு என்பதற்குப் பொருளில்லை.

சிதறி வாழும் சமூகத்திற்கு நியமனம் ஒரு வழி என்பதை அரசமைப்பு முன்பே அறிந்திருந்தது. ஆங்கிலோ இந்தியருக்கு மக்களவையில் இரண்டு நியமன இடங்கள் 2020 சனவரி வரை இருந்தன. 2025-இல் தமிழ்நாடு அரசு உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கச் சட்டத்தைத் திருத்தியது. இருளர் முதலிய சிறு பழங்குடியினருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், ஒன்றிய, மாவட்ட ஊராட்சி மன்றங்களில் இம்முறையை நீட்டிப்பது புதுமையான கோரிக்கை அன்று.

முடிவுரை

முர்முவின் பாதை மூன்று செய்திகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, ஆண்வழி வந்த ஊர்த் தலைமை பெண்ணுக்குத் தானாகக் கைமாறவில்லை. கல்வியும் உள்ளாட்சித் தேர்தலுமே அவருக்கு வழியாயின. இரண்டாவது, உள்ளாட்சிக்கு மேல் அடுத்தடுத்த தனித்தொகுதிகள் அதே நிலப்பரப்பில் இருந்ததால் பயணம் தொடர்ந்தது. மூன்றாவது, அத்தகைய தொடர்ச்சி சிதறி வாழும் இருளருக்கு இல்லை. குடியரசுத் தலைமையில் ஒரு சந்தால் பெண் அமர்ந்திருப்பதைப் பழங்குடிப் பெண்கள் அனைவருக்கும் கதவு திறந்ததற்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. படாளம் வட்டாரத்தில் ஓர் இருளர் பெண் ஊராட்சித் தலைவரானால், அப்பதவிக்காலம் முடிந்தபின் அவர் எங்கே செல்வார் என்னும் வினாவுக்கு இன்றைய தேர்தல் அமைப்பில் விடையில்லை. அவ்விடையை உருவாக்குவது சட்டமியற்றுவோரின் கடமை.