முட்டைக் கிடங்கில் வைஃபை: சேலம், நாமக்கல் பணியிடங்களுக்கான வலையமைப்புத் திட்டம்

1. ஆய்வுப் பொருள்

நாமக்கல்லில் கைபேசி இல்லாமல் முட்டை நகராது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை விலை, லாரிக்கான பில், தடுப்பூசிக் கணக்கு எல்லாம் அதில்தான். ஆனாலும் அலுவலக அறையில் ரவுட்டர் ஒன்றை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு பல பண்ணைகளில் இருக்கிறது. பரப்பளவை மட்டும் அளந்தால் போதாது, உள்ளே அடுக்கியிருக்கும் சரக்கைப் பார்த்தே வலையமைப்பைத் திட்டமிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. அலைவரிசை

இந்தியாவில் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2005-இல் உரிம விலக்கு கிடைத்தது. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விலக்கு விரிவாக்கப்பட்டது. முன்னதில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களே ஒன்றோடொன்று மோதாதவை. பின்னதில் இடம் தாராளம், எட்டும் தூரம் குறைவு.

3. சரக்கும் கட்டுமானமும்

3.1 கோழிப்பண்ணை

கூண்டுக் கம்பிவலையின் கண் ஓரிரு அங்குலம். அலைநீளமோ 2.4-இல் சுமார் 12.5 செ.மீ., 5-இல் சுமார் 6 செ.மீ. கண்ணைவிட அலை பெரிதாக இருப்பதால் வலை அதைப் பெருமளவு திருப்பிவிடும். கூண்டு வரிசைகளின் குறுக்கே சிக்னலை அனுப்பப் பார்ப்பது வீண். நடைபாதையின் தலைமாட்டில் ஆன்டெனாவை வைத்து, பாதை நெடுக அனுப்ப வேண்டும்.

கிடங்கில் சிக்கல் வேறு. முட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். நீர் அலையை விழுங்கும். லோடு லாரியில் போன பின் காலியான கிடங்கில் அளந்தால் மூலைமுடுக்கெல்லாம் சிக்னல் இருக்கும். முப்பது முட்டை கொள்ளும் அட்டைகள் ஆளுயரத்துக்கு ஏறிய நாளில் அதே மூலையில் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே, அளவெடுக்க உகந்த நேரம் கிடங்கு நிரம்பியிருக்கும் நேரம்தான். ஒப்பந்தக்காரர்கள் காலிக் கிடங்கையே விரும்புவார்கள், நடமாட வசதி.

இன்னொன்று: ஷெட்டில் கோழி எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா செம்பு இணைப்புகளை அரிக்கும். கிருமிநாசினித் தெளிப்பும் உண்டு. நன்றாக மூடிய வெளிப்புறப் பெட்டியே இங்கே தாங்கும்.

3.2 பாடி கட்டும் பட்டறை

நாமக்கல் லாரி பாடி பட்டறையிலும் திருச்செங்கோடு ரிக் (ஆழ்துளைக் கிணறு தோண்டும்) வண்டிப் பட்டறையிலும் தடுப்புச் சுவரே நகர்கிறது. இன்று நிற்கும் இரும்பு பாடி நாளை வெளியேறும், அந்த இடத்தில் இன்னொன்று வரும். பக்கச் சுவரை நம்பாமல் கூரையிலிருந்து கீழ்நோக்கி, குறைந்த திறனில் பல ஆக்சஸ் பாயின்ட்கள் (வைஃபை பரப்பும் கருவிகள்) வைப்பதே சரி.

4. திரும்பி வரும் சிக்னல்

ஆக்சஸ் பாயின்ட் 100 மில்லிவாட்டில் கத்தினாலும், பல கைபேசிகளின் திறன் அதில் பாதிகூட இருக்காது. திரையில் கோடுகள் நிறைந்திருந்தும் பில் போகாமல் நிற்பது இதனால்தான். திறனைக் கூட்டுவது தீர்வல்ல. குரல் அழைப்புக்கு வழக்கமாக எதிர்பார்க்கப்படும் –67 டிபிஎம் சிக்னல் அளவை, கணக்குப்பிள்ளை கையிலுள்ள மலிவான கைபேசியில் பார்க்க வேண்டும். பொறியாளரின் விலையுயர்ந்த கருவியில் அல்ல. லோடுக்குக் காத்திருக்கும் ஓட்டுநர்களுக்குத் தனி வலை தர வேண்டும். வீடியோ பார்ப்பவர்களும் பில் போடுபவர்களும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது.

5. கம்பியும் மின்சாரமும்

ஈதர்நெட் செம்புக் கம்பியின் எல்லை 100 மீட்டர். முந்நூறு அடி நீள ஷெட்டுகள் பல உள்ள பண்ணையில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். ஷெட்டுக்கு ஷெட் ஃபைபர் இழுத்தால் தூரமும் கிடைக்கும். கோடை இடியின்போது மின்னழுத்தம் செம்பு வழியே ஓடி எல்லா சுவிட்சுகளையும் சேர்த்துக் கருக்குவதும் தவிரும். மின்தடைக்கு, கணினிக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துவிட்டு ஷெட் சுவிட்சை மறந்துவிடுகிறார்கள். ஜெனரேட்டர் எடுக்கும் அந்த இடைவெளியில், எடைமேடையில் நிற்கும் லாரிக்கு பில் வராது.