காதில் சிக்கிய பூஞ்சை

பேர்ல 'காது' இருக்கிற ஒரு பூஞ்சையோட வரலாறு இது. ஆனா ஆளைக் கொல்றது ரத்தத்துல கலந்த பிறகு.

2009-ல் ஜப்பானில், 70 வயது பெண் நோயாளி ஒருவரின் காதிலிருந்து புது ஈஸ்ட் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். வெச்ச பேரு கேண்டிடா ஆரிஸ். லத்தீன்ல ஆரிஸ்னா காது.

அதே 2009-லிருந்து 2011-க்குள் டெல்லியின் இரண்டு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளிடம் இதே பூஞ்சை. நாங்க வழக்கமா எழுதுற ஃப்ளூகோனசோலுக்கு அசையல. பல லேப் மெஷின்கள் இதைக் 'கேண்டிடா ஹெமுலோனி'னு தப்பா வேற சொல்லின. அப்புறம் கொரியாவில், 1996-ல் ஒரு குழந்தையின் ரத்தத்தில் எடுத்த பூஞ்சையைத் திரும்பச் சோதிச்சா, அதுவும் இதே ஆள்! பேர் வைக்கிறதுக்கு 13 வருஷம் முன்னாடியே வந்தாச்சு.

சரி, எந்த ஊர்லேர்ந்து பரவுச்சு? 2017-ல் பாகிஸ்தான், இந்தியா, தென்னாப்பிரிக்கா, வெனிசுலா நோயாளிகளின் பூஞ்சை மரபணுக்களை ஒப்பிட்டார்கள். ஒரு பகுதிக்குள் அச்சு அசல் ஒரே மாதிரி. பகுதி மாறினால் பல்லாயிரம் வித்தியாசங்கள். தனித்தனியா, கிட்டத்தட்ட ஒரே காலத்துல தலைதூக்கியிருக்கு. ஒரு நாட்டைக் கைகாட்டிப் பழி போட முடியாது.

அந்த 54 மாதிரிகளில் 93% ஃப்ளூகோனசோலுக்கு அடங்கல. 41% இரண்டு மருந்து வகைகளுக்கு அடங்கல. எங்க கையில இருக்கிற முக்கிய வகைகளே மூணுதான்.

பூமி சூடாகுறதால உடல் சூட்டுக்குப் பழகிடுச்சுன்னு 2019-ல் ஒரு கருத்து வந்தது. சுவாரசியமான கருத்து, ஆனா நிரூபணம் ஆகல.

ஆரோக்கியமா இருக்கிறவங்க பயப்பட வேண்டாம். ஐசியூல, ரத்தக்குழாயில் டியூப் போட்டுப் படுத்திருக்கிறவங்கதான் இதுக்கு இலக்கு. கட்டில் கம்பியில வாரக்கணக்கில் உயிரோட இருக்கும். சில சாதாரண கிருமிநாசினிகளால துடைச்சாலும் சரியா சாகாது.