பொறியும் நாற்றங்காலும்

நுளம்பின் வரலாற்றை மொனராகலை மக்கள் காய்ச்சலில் கிடந்தே கற்றனர். உலர்வலயத்தில் நெடுங்காலம் குடியிருந்த மலேரியா, 1934–35இல் மழை பொய்த்துத் தென்மேற்கு ஆறுகள் குட்டைகளாய் வற்றியபோது அங்கும் பரவி, ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. பசியால் நலிந்த ஏழைகளே மிகுதியாக மாண்டனர். சூரியமல் இயக்கத்தினர் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர்.

1946இல் டீ.டீ.ரீ. தெளிப்புத் தொடங்கிற்று, 1963இல் நோயாளர் 17 பேரே. வென்றோம் என்றெண்ணித் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. கதிர்காமப் பகுதி அதன் பின்னரும் பல்லாண்டு வாடிற்று. 2016இலேயே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

இன்று நம் வாசலில் நிற்பது டெங்கு. அதன் நுளம்பு உலவுவதை அறிய, நீரூற்றிய கறுப்புக் குவளையில் சொரசொரப்பான பலகைத்துண்டை நிறுத்தி முட்டைப்பொறி வைக்கலாம். வாரந்தவறாது கொட்டித் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். மறந்தால் பொறியே நாற்றங்காலாகும். 1963 புகட்டிய பாடமும் இதுவே.

ஆயினும், குழாய்நீர் வராத லயனில் பீப்பாயில் நீர் சேர்ப்போரைக் கடிந்து பயனில்லை. ஒழுங்கான நீரும் வடிகாலும் கோரி நிற்பதும் நுளம்பு ஒழிப்பே என்பதை நாம் மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும்.